பழைய கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு மாற்றப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதை படிங்க!

சிவகாசி:

வீட்டில் 10 வருஷம் உழைத்த கம்ப்யூட்டர் ஒருநாள் காலை ஆன் ஆகவில்லை. மெக்கானிக் வந்து பார்க்கிறார். "போர்டு போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டு போகிறார். கையில் இருக்கும் காசை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். ஏதோ ஒரு போர்டை வாங்கி வருகிறோம். அது பொருந்தவில்லை. அல்லது மாட்டி 2 மாசத்தில் அதுவும் போய்விடுகிறது.

இது பல வீடுகளில் நடக்கிற கதை. இந்த செய்தியை எழுதும் நிருபரின் வீட்டிலும் நடந்தது. அதில் கிடைத்த பாடத்தையும், பழைய கம்ப்யூட்டருக்கு நம்பகமான மதர்போர்டு பார்த்து வாங்குவது எப்படி என்பதையும் இங்கே பார்க்கலாம்.

ஆடியில் வந்த சோதனை

என் மனைவி வீட்டில் இருந்தபடி அச்சகங்களுக்கு டி.டி.பி. வேலை செய்து கொடுக்கிறார். கல்யாண பத்திரிகை, காதுகுத்து பத்திரிகை, கடை நோட்டீஸ் என்று மேட்டர் அடித்து கொடுப்பதுதான் வேலை. கம்ப்யூட்டர் 2012-ல் வாங்கியது. ஐ3-2120 பிராசசர், 4 ஜி.பி. ராம். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன.

2023-ம் ஆண்டு ஆடி மாசம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை ஆடியில்தான் குவியும். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"ஏங்க, நாளைக்கு ரெண்டு பத்திரிகை புரூப் கொடுக்கணும். சீக்கிரம் எதாவது பண்ணுங்க" என்றார் மனைவி. நானும் அவசரமாக கடைக்கு போனேன். "அண்ணாச்சி, ஐ3 போர்டு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டேன். அவரும் ஐ3-க்கு உரிய பழைய போர்டு ஒன்றை எடுத்து கொடுத்தார். விலை ஆயிரத்து 900 ரூபாய். பில் கேட்கவும் தோணவில்லை.

வீட்டுக்கு வந்து பிராசசரை வைத்தால் உட்காரவில்லை. கொஞ்சம் அழுத்தி பார்த்தோம். அவ்வளவுதான், போர்டில் இருந்த மெல்லிய பின்கள் வளைந்து போயின. திருப்பி கொண்டு போனதும், "பின் வளைஞ்சா எடுக்க முடியாது தம்பி" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவரை குறை சொல்ல முடியாது. நான் கேட்டது ஐ3 போர்டு. அவர் கொடுத்ததும் ஐ3 போர்டுதான். ஆனால் அது 4-ம் தலைமுறை ஐ3-க்கு உரியது. என்னிடம் இருந்தது 2-ம் தலைமுறை!

4 நாள் வேலை நின்றது. 2 பத்திரிகை ஆர்டர் வேறு இடத்துக்கு போய்விட்டது. முகூர்த்த தேதி நமக்காக காத்திருக்காது அல்லவா?

முதலில் போர்டுதான் போச்சா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் போர்டுதான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. கீழ்க்கண்டவற்றை பார்த்த பிறகுதான் கடைக்கு போக வேண்டும். எதை தொடும் முன்பும் சுவிட்சை ஆப் செய்து, பவர் ஒயரை உருவிவிட வேண்டும்.

* ராம்: ராமை கழற்றி, அதன் தங்க நிற முனைகளை பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாக தேய்த்து, துடைத்து திரும்ப மாட்டி பாருங்கள். பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்து விடும்.

* எஸ்.எம்.பி.எஸ்.: வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டி பார்க்க சொல்லுங்கள். 12 வோல்ட் வர வேண்டிய ஒயரில் 11.4-க்கு குறையாமலும், 12.6-க்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் பிரிக்காதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

* பேட்டரி: போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும். 2032 என்று அதில் போட்டிருக்கும். 3 வோல்ட் பேட்டரி. இது தீர்ந்து போனால் தேதி பழைய வருஷத்துக்கு போய்விடும், ஆன் செய்யும்போது எப்1 அழுத்த சொல்லும். தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் திறக்காது. இதற்கு போர்டு மாற்ற வேண்டியது இல்லை. பேட்டரி மாற்றினால் போதும்.

* பீப் சத்தம்: இது நல்ல சோதனை. ராமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்து, 'பீப் பீப்' என்று கத்தினால் போர்டுக்கும் பிராசசருக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு ராமில் அல்லது வேறு இடத்தில் இருக்கலாம்.

இத்தனையும் பார்த்து, மாற்று எஸ்.எம்.பி.எஸ். போட்டும் அசையவில்லை என்றால் அப்போதுதான் போர்டு மீது சந்தேகப்பட வேண்டும்.

வீங்கிய கண்டன்சர்

போர்டை டார்ச் லைட் அடித்து பாருங்கள். பிராசசருக்கு பக்கத்தில் சின்ன சின்ன டப்பா மாதிரி வரிசையாக நிற்பவைதான் கண்டன்சர்கள். கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள். இவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் எதாவது கசிந்திருந்தாலோ அந்த போர்டு தள்ளாடுகிறது என்று பொருள்.

2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் உலகம் முழுக்க இந்த தொல்லை இருந்தது. மட்டமான திரவம் ஊற்றிய கண்டன்சர்கள் 2, 3 வருஷத்திலேயே வெடித்தன. டெல் கம்பெனி தனது கம்ப்யூட்டர்களை சரிசெய்து கொடுக்க 2005-ம் ஆண்டில் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டன்சர் மட்டும் போயிருந்தால் அதை மாற்றி தருகிற மெக்கானிக்குகள் உண்டு. போர்டு விலையோடு பார்த்தால் இது கம்மி செலவுதான். வெடித்ததை மட்டும் மாற்றாமல், அந்த வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மாற்ற சொல்ல வேண்டும்.

வேறு போர்டு வாங்குவதாக இருந்தால் 'சாலிட் கெப்பாசிட்டர்' போட்ட போர்டாக பார்த்து வாங்குங்கள். பழைய ரக கண்டன்சருக்கு பிளாஸ்டிக் சட்டை இருக்கும், தலையில் 'பிளஸ்' அல்லது 'கே' எழுத்து போல கீறல் இருக்கும். சாலிட் ரகம் பளபளப்பான அலுமினிய டப்பா. தலையில் கீறல் இருக்காது. உள்ளே திரவம் இல்லாததால் உப்பாது.

வெப்பம்தான் கண்டன்சருக்கு எமன். 10 டிகிரி சூடு கூடினால் திரவ கண்டன்சரின் ஆயுள் பாதியாகும் என்பது ஒரு கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லவே வேண்டாம்!

பிராசசர் நம்பர்தான் ஜாதகம்

நான் ஏமாந்தது இங்கேதான். ஐ3, ஐ5 என்பது வெறும் குடும்ப பெயர். அதற்கு பின்னால் வரும் நம்பர்தான் ஜாதகம். மேஜை கம்ப்யூட்டர்களில் உள்ள இன்டெல் பிராசசர்களுக்கு எந்த சாக்கெட் என்ற விவரம் வருமாறு:-

* கோர் 2 டூவோ, அந்த கால பென்டியம் டூயல் கோர்: சாக்கெட் 775. ஜி31, ஜி41 போர்டுகள்.

* ஐ3-540 போல 3 இலக்க நம்பர்: சாக்கெட் 1156. எச்55 போர்டு.

* 2 ஆயிரத்து சொச்சம், 3 ஆயிரத்து சொச்சம் நம்பர் (2120, 3220 போல): சாக்கெட் 1155. எச்61, பி75 போர்டுகள்.

* 4 ஆயிரத்து சொச்சம் (4130 போல): சாக்கெட் 1150. எச்81, பி85 போர்டுகள்.

* 6 ஆயிரம், 7 ஆயிரம் வரிசை: சாக்கெட் 1151. எச்110 போர்டு.

* 8 ஆயிரம், 9 ஆயிரம் வரிசை: இதுவும் 1151 தான். ஆனால் எச்110 போர்டில் ஓடாது. எச்310 போன்ற போர்டு வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்.

1155-க்கும் 1150-க்கும் நம்பரில் வித்தியாசம் 5 தான். ஆனால் ஒன்றின் பிராசசர் மற்றதில் உட்காரவே உட்காராது. அழுத்தினால் என் கதைதான்.

3 ஆயிரம் வரிசை பிராசசர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் வந்த எச்61 போர்டுகள் 2-ம் தலைமுறைக்காக வந்தவை. பயாஸ் புதுப்பித்தால்தான் 3-ம் தலைமுறை பிராசசரை ஏற்கும். கடையிலேயே புதுப்பித்து தரச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் செத்து கிடக்கும்போது நம்பரை எப்படி பார்ப்பது? பழைய பில்லில் இருக்கும். இல்லை என்றால் பிராசசர் மேலே உள்ள பேஸ்ட்டை துணியால் துடைத்தால் பொறித்த நம்பர் தெரியும். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்கு போங்கள்.

ஏ.எம்.டி. பிராசசர் என்றாலும் இதே கதைதான். ஏ.எம்.2, ஏ.எம்.3, எப்.எம்.2 என்று சாக்கெட் மாறும். நம்பரை காட்டி, இந்த போர்டு இதை ஏற்குமா என்று உறுதி செய்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

ராமும் ஒத்துப்போக வேண்டும்

டி.டி.ஆர்.2 ராம், டி.டி.ஆர்.3 போர்டில் ஏறாது. நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஜி41 போர்டில் சிலது டி.டி.ஆர்.2, சிலது டி.டி.ஆர்.3. பெயர் ஒன்றுதானே என்று வாங்கிவிட்டால் ராமுக்கும் தனியாக செலவு செய்ய வேண்டி வரும்.

பழைய ஹார்டு டிஸ்க் அகலமான பட்டை கேபிள் உள்ளதா என்றும் பாருங்கள். அந்த கேபிள் மாட்டும் இடம் எச்61 போன்ற போர்டுகளில் பொதுவாக இருக்காது.

அதேபோல பெரிய கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய போர்டுகள் மலிவாக கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். டெல், எச்.பி., லெனோவா மாடல்கள் பலவற்றில் பவர் கனெக்டர் சாதாரண 24 பின் இல்லை. நம்ம எஸ்.எம்.பி.எஸ். மாட்டாது. முன்பக்க சுவிட்ச் ஒயரும் பொருந்தாது.

'இன்டெல் ஒரிஜினல்' உண்மையா?

"இது இன்டெல் ஒரிஜினல் போர்டு, புதுசு" என்று யாராவது சொன்னால் உஷார்! மேஜை கம்ப்யூட்டர் போர்டு தொழிலை விட்டு விலகப்போவதாக இன்டெல் 2013 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. பெட்டியில் 'இன்டெல் சிப்செட்' என்று போட்டிருக்கும். போர்டில் உள்ள முக்கியமான சிப் இன்டெல் உடையது என்றுதான் அதற்கு அர்த்தம். போர்டை செய்தது வேறு கம்பெனி.

பெரிய பெயர் இருந்தால் தப்பே வராது என்றும் இல்லை. 2011 ஜனவரி 31-ந்தேதி இன்டெல் கம்பெனியே தனது புது சிப்செட்டில் கோளாறு இருப்பதாக ஒப்புக்கொண்டது. நாளாக ஆக ஹார்டு டிஸ்க் இணைப்பு தேய்ந்து போகும் என்ற குறை. பழுதுபார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் செலவாகும் என்று கணக்கு சொன்னது. பழைய எச்67, பி67 போர்டு வாங்குகிறவர்கள் 'பி3' என்ற திருத்திய பதிப்புதானா என்று இன்றைக்கும் கேட்டு வாங்குவது நல்லது.

ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல் கையில் இருக்கும் போர்டை பார்க்க வேண்டும்.

புதுசா? பழசா?

எச்61, எச்81 மாதிரி பழைய சாக்கெட் போர்டுகளை பெரிய கம்பெனிகள் கைவிட்டு பல வருஷம் ஆகிறது. சின்ன பிராண்டுகள் இன்னும் புதிதாக செய்து விற்கின்றன. இதில் வாரண்டி கிடைப்பது லாபம். பழைய பெரிய பிராண்டு போர்டு என்றால் தரம் நன்றாக இருக்கலாம். ஆனால் அது எத்தனை வருஷம் ஓடியது, எத்தனை கை மாறியது என்று தெரியாது.

வீட்டு உபயோகத்துக்கு, பில்லில் எழுதி வாரண்டி கிடைக்கும் என்றால் புதுசு வாங்கலாம். பழசு வாங்கினால் கீழ்க்கண்ட சோதனைகளை முடிக்காமல் கடையை விட்டு இறங்கக்கூடாது.

1. சாக்கெட் மூடியை திறந்து, டார்ச் அடித்து சாய்வாக பாருங்கள். எல்லா பின்களும் ஒரே திசையில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தலை சாய்ந்திருந்தாலும் வேண்டாம்.

2. கண்டன்சர் தலைகளை பாருங்கள். சிப்புகளை சுற்றி கருகிய அடையாளம், பிசுபிசுப்பு இருந்தால் ஏற்கனவே சூடு வைத்து வேலை பார்த்த போர்டாக இருக்கலாம்.

3. உங்கள் பிராசசர், உங்கள் ராமை கொண்டு போய் கடையிலேயே மாட்டி ஓட விடுங்கள். 2 ராம் இடங்களிலும் மாற்றி மாற்றி போட்டு பாருங்கள்.

4. எல்லா யு.எஸ்.பி. துளையிலும் பென் டிரைவ் போட்டு பாருங்கள். சவுண்டு, நெட் கேபிள், டிஸ்பிளே எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

5. ஆப் செய்து, ஒயரை உருவி, 5 நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். தேதி மாறாமல் இருக்க வேண்டும்.

6. முடிந்தால் 1 மணி நேரம் ஓட விட்டு, தானாக ஆப் ஆகிறதா என்று பாருங்கள்.

7. பில்லில் போர்டு பெயர், சீரியல் நம்பர், எத்தனை நாள் வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை வேலைக்கு ஆகாது.

2-வது தடவை இத்தனையும் பார்த்துதான் எச்61 போர்டு ஒன்று வாங்கினேன். விலை 2 ஆயிரத்து 400. அரை மணி நேரம் நின்று சோதித்ததில் கடைக்காரருக்கு கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அந்த போர்டில்தான் மனைவி இன்றும் பத்திரிகை மேட்டர் அடிக்கிறார்.

போட்டோ எல்லாம் போயிடுமா?

"போர்டு போச்சுன்னா பிள்ளைங்க போட்டோ எல்லாம் போயிடுமா?" என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். போகாது. போட்டோ, பைல் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதை கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். போர்டு மாற்றும் முன்பே ஒரு பிரதி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

அதே ரக சிப்செட் போர்டு வாங்கினால் விண்டோஸ் அநேகமாக அப்படியே திறந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் லைசென்ஸ் போர்டோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் மீண்டும் ஆக்டிவேட் செய்ய சொல்லலாம். இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது கைவிட வேண்டும்?

எல்லா பழைய கம்ப்யூட்டருக்கும் போர்டு வாங்குவது லாபம் இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு பொதுவாக முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எச்61 போர்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த கணக்கில் வராது.

அதனால் பேங்க் வேலை, பணம் அனுப்புவது போன்றவற்றை பழைய விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் நெட் இணைப்பே கொடுப்பதில்லை. மேட்டர் அடிப்பதோடு சரி. பிள்ளைகள் படிப்புக்கு நெட் வேண்டும் என்றால் லினக்ஸ் போடலாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழ் வசதியும் உண்டு.

775 சாக்கெட் கம்ப்யூட்டர் என்றால் நன்றாக யோசியுங்கள். போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்த்து ஆகும் செலவு, 4-ம் அல்லது 6-ம் தலைமுறை பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் விலையில் பாதியை தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது. 2-ம் தலைமுறைக்கு மேல் என்றால் போர்டு மாற்றி, கூடவே சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

கடைக்கு கிளம்பும் முன் ஒரு துண்டு சீட்டில் 5 விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். பிராசசர் நம்பர், சாக்கெட், ராம் ரகம், ஹார்டு டிஸ்க் கேபிள், எஸ்.எம்.பி.எஸ். பின் எண்ணிக்கை. எழுத 5 நிமிடம் கூட ஆகாது. அந்த சீட்டு இல்லாமல் போனதற்கு நான் கொடுத்த விலை ஆயிரத்து 900 ரூபாயும், 2 கல்யாண பத்திரிகை ஆர்டரும். பின் வளைந்த அந்த போர்டு இன்னும் எங்கள் வீட்டு பரணில்தான் கிடக்கிறது.